மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை

என் அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. எனக்கு நன்றாகவே கேட்கும். நாங்கள் இருவரும் ராஜபாளையத்தில் ஒரே கல்லூரியில், ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பி.எஸ்ஸி. கணிதம் படித்தோம். இதைக் கேட்கிறவர்கள் எல்லாரும் "எம்புட்டுப் பாசம்!" என்று கன்னத்தில் கை வைப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அது பாசமில்லை, அப்பாவின் ஏற்பாடு. அக்கா என்னைவிட ஒரு வயது மூத்தவள். திருநெல்வேலிப் பக்கம் காது கேளாத பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் பிளஸ் டூ முடித்து, நல்ல மார்க்கோடு எங்கள் ஊர் வன்னியம்பட்டிக்குத் திரும்பி வந்தாள். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்லூரியிலும் சைகை மொழி தெரிந்த ஆள் இல்லை என்று தெரிந்ததும் அப்பா அவளை ஒரு வருஷம் வீட்டிலேயே நிறுத்திவைத்தார். நான் பிளஸ் டூ முடிக்கும்வரை பொறுத்திருந்து, இருவருக்கும் ஒரே நாளில் விண்ணப்பம் வாங்கி வந்தார். எனக்கு மதுரையில் விடுதியில் தங்கி ஆங்கிலம் படிக்க ஆசை. சொல்லிப் பார்த்தேன். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த மனிதர், எதிர்ப்பேச்சு கேட்டுப் பழகாதவர். "நீ கூடப் போகலைன்னா அவ எப்பிடிட்டி படிப்பா?" என்று மட்டும் கேட்டார். நான் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டில் சைகை தெரிந்தவள் நான் ஒருத்திதான். லீவுக்கு வரும்போதெல்லாம் அக்கா பள்ளியில் கற்றதை எனக்குச் சொல்லித் தருவாள். எனக்கு அது விளையாட்டு. அம்மாவுக்குச் சாப்பிடு, குளி, தூங்கு, தலை பின்னவா என்று ஏழெட்டுச் சைகைகள் தெரியும். அப்பாவுக்கு வா, போ, நில். அதற்கு மேல் அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுவார்கள். அவள் ஏதாவது சொன்னாலும் என்னைத்தான் பார்ப்பார்கள்.

கல்லூரி விண்ணப்பத்தில், மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குத் தேவைப்படும் உதவி என்று ஒரு கட்டம் இருந்தது. அக்கா அதில் தன் கையால் "சைகை மொழிபெயர்ப்பாளர்" என்று எழுதியிருந்தாள். அலுவலகத்தில் விண்ணப்பம் வாங்கியவர் எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். அந்த வார்த்தைகளைக் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, மேலே "தங்கை உடன் பயில்கிறார்" என்று எழுதினார். "இப்ப சரியாப் போச்சுல்லா?" என்றார். அப்பா சிரித்தார். அக்கா அந்தக் கோட்டைக் காட்டி ஏன் என்று என்னிடம் கேட்டாள். சும்மா, ஃபார்மில் அப்படித்தான் எழுதுவார்கள் என்றேன். அவளிடம் நான் மாற்றிச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அன்று எனக்கு அது பொய்யாகவே படவில்லை.

வகுப்பில் நான் சுவரில் சாய்ந்து அவள் பக்கம் திரும்பி உட்காருவேன். ஆசிரியர் பேசப் பேச நான் கையை ஆட்ட வேண்டும். அதோடு நானும் பாடத்தைக் கவனிக்க வேண்டும், நோட்ஸும் எடுக்க வேண்டும். முதல் மாதம் ரோஷத்தில் ஓடியது. இரண்டாவது மாதம் தோள்பட்டை வலித்தது. மூன்றாவது மாதம் எனக்குப் புரியாததை எல்லாம் விட்டுவிட ஆரம்பித்தேன். கணக்கில் அவள் கெட்டிக்காரி, நான் சுமார். எனக்குப் புரியாத இடம்தான் அவளுக்கு வேண்டிய இடமாக இருக்கும். ஆசிரியர் ஐந்து நிமிஷம் விளக்கியதை நான் மூன்று சைகையில் முடிப்பேன். அவள் ஆசிரியரின் வாயைப் பார்ப்பாள், என் கையைப் பார்ப்பாள். அவ்வளவுதானா என்று கேட்பாள். அவ்வளவுதான் என்பேன்.

வகுப்பில் யாராவது ஜோக் சொல்லி எல்லாரும் சிரித்தால், பிறகு சொல்கிறேன் என்பேன். சொல்ல மாட்டேன். ஒரு ஆசிரியை பாடத்தின் நடுவே, "இந்தப் பிள்ளைக்கு எதுக்கு இவ்வளவு கஷ்டம், பேசாம தையல் படிச்சிருக்கலாம்" என்றார். அதையும் நான் சொல்லவில்லை. அவள் மனம் நோகக் கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில், அவளுக்கு என்ன தெரிய வேண்டும், என்ன தெரிய வேண்டாம் என்று முடிவு செய்கிற வேலை எனக்குப் பிடித்துப்போய்விட்டது. அதை இன்றைக்கு எழுதும்போதும் என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

ஒரு தடவை பிளவக்கல் அணைப் பக்கம் மரக்கன்று நட ஒரு நாள் முகாம் என்று அறிவித்தார்கள். விரும்பியவர்கள் பெயர் கொடுக்கலாம். நான் என் பெயரை மட்டும் கொடுத்துவிட்டு, குலுக்கல் போட்டார்கள், உன் பெயர் வரவில்லை என்று அவளிடம் சொன்னேன். நம்பினாள். எனக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குத் தயிர்சாதம் கட்டிக் கொடுத்ததும் அவள்தான். அன்று முழுவதும் என் கைகள் சும்மா தொங்கின. யார் பேசுவதையும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அப்படி ஒரு நிம்மதியை நான் அனுபவித்ததே இல்லை. இவ்வளவு சுலபமாக அவளை ஏமாற்ற முடிகிறதே என்று அன்றே நான் பயந்திருக்க வேண்டும்.

இரண்டாம் வருஷத் தொடக்கத்தில் கல்லூரி முதல்வர் என்னை மட்டும் அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் ஒரு கடிதம் இருந்தது. அக்காவின் கையெழுத்து. தனக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்து தரும்படியும், அது தன் உரிமை என்றும் எழுதியிருந்தாள். விடுதிப் பள்ளித் தோழிகள் வீடியோ காலில் சட்டத்தையெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"என்னம்மா, அக்காவுக்கும் தங்கச்சிக்கும் ஏதும் சண்டையா?" என்று முதல்வர் கேட்டார்.

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் அவளை இடித்து உட்காரவைத்து, நான் உனக்கு என்ன குறை வைத்தேன் என்று கேட்டேன். கோபத்தில் என் கை முன்சீட்டுக் கம்பியில் பட்டு ரத்தம் கட்டிவிட்டது. அவள் பதறாமல் பதில் சொன்னாள். நீ என் தங்கை. உன்னோடு சண்டை போட வேண்டும், உன் சுடிதாரை எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். பாடத்துக்கு வேறு ஆள் வேண்டும். உனக்குப் புரியாததை நீ எப்படி எனக்குச் சொல்வாய்? நீயும் உன் பாடத்தைப் படி.

இதில் ஒரு சொல்லாவது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதனாலேயே ஆத்திரம் அதிகமாயிற்று.

அவள் விடவில்லை. விருதுநகருக்குப் போய் மாற்றுத்திறனாளிகளுக்கான மாவட்ட அலுவலகத்திலும் மனு கொடுத்தாள். மதுரையில் முறையாகப் படித்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருந்தார். நடுத்தர வயதுப் பெண். வாரத்துக்கு மூன்று நாள் ராஜபாளையம் வந்துபோகச் சம்மதித்தார். அலுவலகத்திலிருந்து கல்லூரிக்குக் கடிதமும் வந்துவிட்டது. செமஸ்டர் பரீட்சை முடிந்ததும் கமிட்டியில் வைத்து முடிவு செய்வதாகக் கல்லூரி சொன்னது. அந்தப் பெண்ணும் அக்காவும் வீடியோ காலில் பேசியதை ஒருநாள் கதவோரம் நின்று பார்த்தேன். அவர் கை அவ்வளவு வேகம். எதையும் விடவில்லை. ஏதோ சொல்ல, அக்கா தோள் குலுங்கச் சிரித்தாள். என்னிடம் அவள் அப்படிச் சிரித்து நெடுநாளாகியிருந்தது. எனக்கு வயிறு எரிந்தது, மறைக்க ஒன்றுமில்லை.

பரீட்சை வந்தது. மூன்றாவது நாள் இயற்கணிதம். பதிவு எண் வரிசைப்படி அக்கா எனக்கு இடப்பக்கத்து வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அரை மணி நேரம் போயிருக்கும். ஹால் சூப்பர்வைசர் கையில் ஒரு சீட்டோடு வந்து, "பதினேழாவது கேள்வில கழித்தல் குறி இல்ல, கூட்டல் குறி. எல்லாரும் திருத்திக்கிடுங்க" என்று வாயால் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார். போர்டில் எழுதவில்லை. எல்லாரும் குனிந்து திருத்தினார்கள். அக்கா மட்டும் தப்புக் கேள்விக்கு விடை எழுதிக்கொண்டிருந்தாள்.

நான் எட்டி அவள் பெஞ்சைத் தட்டினேன். அதிர்வு தெரிந்து திரும்பினாள். பதினேழு என்று காட்டி, இரண்டு ஆள்காட்டி விரல்களையும் குறுக்கே வைத்துக் கூட்டல் என்றேன். புரிந்துகொண்டாள். தலையாட்டினாள். அதோடு நான் கையை மடக்கியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

அந்தக் கணக்கை நான் அப்போதுதான் போட்டு முடித்திருந்தேன். அடுத்த படி என்ன, அதற்கடுத்த படி என்ன என்று என் கை தானாகக் காட்டத் தொடங்கியது. அவளுக்கு அது தேவையே இல்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு போடுவாள். மதுரைக்காரி இங்கே இல்லை, நான் இருக்கிறேன், என்னை விட்டால் உனக்கு யார் என்று காட்டத்தான் காட்டினேன். அக்காவின் புருவம் சுருங்கியது. வேண்டாம், திரும்பு என்றாள். நான் திரும்பியபோது பறக்கும் படை வாசலில் நின்றுகொண்டிருந்தது.

இரண்டு பேர் விடைத்தாளிலும் சிவப்பு மையில் ஏதோ எழுதினார்கள். எங்களை எழுந்து நிற்கச் சொன்னார்கள். அக்கா என்ன நடக்கிறது என்று என்னைப் பார்த்தாள். முதல் தடவையாக எனக்கு ஒரு சைகையும் வரவில்லை.

விசாரணை மூன்று நாள் கழித்து நடந்தது. முதல்வர், பரீட்சைப் பொறுப்பாளர், ஒரு பேராசிரியை என்று மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா வெளியே பெஞ்சில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். என்னை முதலில் கேட்டார்கள். திருத்தத்தை மட்டும்தான் சொன்னேன், வேறெதுவும் காட்டவில்லை என்றேன். பரீட்சைப் பொறுப்பாளர் பேனாவைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"நிரூபணம் ஆச்சுன்னா ரெண்டு பேருக்கும் இந்த செமஸ்டர் மொத்தமும் ரத்து. பொறவு ரெண்டு வருஷம் எழுத முடியாது. தெரியும்ல?" என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "இந்தப் பிள்ளை என்ன சொல்லுது? கேட்டுச் சொல்லு" என்றார்.

நான் கேட்டேன். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் அவர்களைப் பார்த்தே பதில் சொன்னாள். இவள் மேலும் குற்றம் சாட்டியிருக்கிறீர்கள். இவள் எனக்காகப் பேசக் கூடாது. மதுரையில் இருப்பவரை வீடியோவில் கூப்பிடுங்கள். பத்து நிமிஷம் போதும். நான் எல்லாவற்றையும் சொல்கிறேன்.

எல்லாவற்றையும் என்பதில் என் இரண்டாவது சைகையும் உண்டு. அவள் பொய் சொல்ல மாட்டாள். தான் வேண்டாம் என்றதையும் சொல்வாள், நான் காட்டியதையும் சொல்வாள். அவள் தப்பிப்பாள். நான் மாட்டுவேன்.

"என்ன சொல்றாம்மா?" என்றார் முதல்வர்.

"தங்கச்சியே போதும்னு சொல்றா சார். வெளியாள் யாரும் வேண்டாங்கிறா. மதுரைல இருந்து ஆள் கேட்டு எழுதினதுகூட யாரோ சொல்லித்தான் எழுதினாளாம். திருத்தத்தை மட்டும்தான் நான் சொன்னேன்னு அவளும் சொல்றா."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். முதல்வரின் முகம் மலர்ந்துவிட்டது. அக்காவைப் பார்த்துப் பெரிதாகத் தலையாட்டினார். தான் கேட்டதற்குத்தான் அவர் சம்மதிக்கிறார் என்று அக்கா நினைத்தாள். அவருக்குக் கைகூப்பினாள். பிறகு என் பக்கம் திரும்பி, எனக்கும் நன்றி சொன்னாள்.

வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கொண்டுவந்தார்கள். காது கேளாதவர்களுக்கு ஒரு மொழிப் பாடத்தில் விலக்கு உண்டு என்பதால் அக்கா பள்ளியில் ஆங்கிலம் படித்ததில்லை, கல்லூரியில் நாங்கள் படித்ததும் தமிழ்வழி. இதில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னைக் கேட்டாள். நம்மேல் தப்பில்லை என்று எழுதியிருக்கிறது, மதுரைக்காரரைப் பற்றியும் எழுதியிருக்கிறது என்றேன். இரண்டும் உண்மை. கூப்பிடப் போகிறார்களா என்றாள். பிறகு கூப்பிடுவார்கள் என்றேன். அவள் கையெழுத்துப் போட்டாள். அவள் எழுத்து எப்போதும் குண்டு குண்டாக அழகாக இருக்கும்.

எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். விசாரணை முடிந்துவிட்டது, இனி கூப்பிடத் தேவையில்லையாம் என்று அக்காவிடம் சொன்னேன். விடைத்தாள்களைத் திருத்தவும் சொல்லிவிட்டார்கள். வெளியே வந்ததும் முதல்வர் அப்பாவின் தோளில் தட்டி, "பிள்ளைகளை நல்லா வளர்த்திருக்கீங்க" என்றார்.

விடுமுறை தொடங்கியது. ரிசல்ட் வந்தது, வகுப்பிலேயே அக்காதான் முதல். வீட்டில் கேசரி கிண்டினார்கள். அக்கா தினமும் மதுரைக்காரருடன் பேசினாள். அடுத்த வருஷப் பாடத்துக்குப் புதுச் சைகைகளை இருவரும் சேர்ந்து முடிவு செய்துகொண்டிருந்தார்கள். கமிட்டி முடிவைத் தபாலில் அனுப்புவோம் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். தபால்காரர் பதினொரு மணிக்கு வருவார். பத்தரைக்கே ஏதாவது சாக்கு வைத்துத் தெருவாசலில் போய் நிற்பேன். மேற்கே மலையில் மேகம் இறங்கி, சாரல் காற்று தெருவெல்லாம் புழுதி கிளப்பும். கண்ணைக் கசக்கிக்கொண்டு தெருமுனையையே பார்ப்பேன். மின்சார பில், அப்பாவின் பட்டாள ஓய்வூதியக் கடிதம், கல்யாணப் பத்திரிகை. கல்லூரிக் கடிதம் வரவில்லை. வந்தால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும். அடுப்பில் போடுவேன். அதையும் யோசித்து வைத்திருந்தேன்.

ஒருநாள் அம்மா என்னை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மாத்திரை வாங்க அனுப்பினாள். நான் மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். எதற்கு என்று கேட்டால் என்ன காரணம் சொல்வது? பஸ் கிடைத்துத் திரும்பி வரும்போது ஒரு மணி. வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். கையில் பிரித்த கவர்.

கடிதம் தமிழில் இருந்தது. விசாரணையின்போது தாங்கள் கையொப்பமிட்டு அளித்த வாக்குமூலத்தில், உடன் பயிலும் தங்கையே போதுமானவர், மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை எனத் தெரிவித்துள்ளபடியால், தங்கள் விண்ணப்பம் முடித்துவைக்கப்படுகிறது. அதே காரணத்தைக் குறிப்பிட்டு மாவட்ட அலுவலகத்துக்கும் நகல் போயிருந்தது.

அவள் என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். அப்பா கூமாப்பட்டியில் உள்ள எங்கள் தோப்பிலிருந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னை அவர் முன்னால் நிறுத்திவிட்டு, அக்கா பக்கத்தில் நின்று சொல்லத் தொடங்கினாள். மெதுவாக, ஒவ்வொரு சைகையாக, நான் எதையும் புரியவில்லை என்று சொல்லிவிடாதபடி. பரீட்சையில் நான் காட்டியது, அவள் வேண்டாம் என்றது, விசாரணையில் அவள் கேட்டது, நான் படித்துக் காட்டிய காகிதம்.

"என்னட்டி சொல்லுதா?" என்றார் அப்பா.

சொன்னேன். அன்று நான் ஒன்றைக்கூட விடவில்லை, கூட்டவுமில்லை. அவள் எங்கே நிறுத்தினாளோ அங்கே நிறுத்தினேன். எனக்கு அழுகை வந்தது, அழுதுகொண்டேதான் சொன்னேன். அம்மா அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்றாள்.

அப்பா சற்று நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, எச்சில் விரலை என் முகத்துக்கு நேரே ஆட்டி ஆட்டிச் சொன்னார்.

"நீ செஞ்சதுல ஒரு தப்புமில்லட்டி. ரெண்டு பேரு படிப்பையும் காப்பாத்திட்ட. வீட்டுல பிள்ளை இருக்கையில வெளியாள் எதுக்கு? அவகிட்ட, அப்பா என்னைய நல்லா வஞ்சிட்டாருன்னு சொல்லிரு. செத்த நேரத்துல ஆறிருவா."

அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள், ஆடும் விரலைப் பார்த்தாள். என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டாள்.

அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். என்னைத் திட்டவில்லை. நான் செய்தது சரி என்கிறார். உன்னிடம் திட்டியதாகச் சொல்லச் சொல்கிறார். வேறு ஆள் வேண்டாம் என்கிறார்.

அவள் என் கையை நம்பாமல் மறுபடியும் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அலமாரியிலிருந்து பேனாவை எடுத்து, கல்லூரிக் கவரின் பின்பக்கத்தைத் திருப்பி, அப்பாவின் சாப்பாட்டு இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். அப்பா கை கழுவிவிட்டு வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாக எழுதினார். "தங்கச்சியைக் கண்டித்துவிட்டேன். இனி உன் பேச்சை மாற்றிச் சொல்ல மாட்டாள். அப்பா."

அக்கா அதை இரண்டு முறை படித்தாள். பிறகு என் கண்ணுக்கு முன்னால் நீட்டிப் பிடித்து, அப்பாவைப் பற்றியுமா பொய் என்று கேட்டாள்.

நான் கையைத் தூக்கினேன். அதற்குள் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். காது கேட்கிறவர்கள் திரும்பிக்கொண்டால் முதுகுக்குப் பின்னாலிருந்தாவது கத்தலாம். தூக்கிய கையோடு நான் நின்றேன்.

"பாத்தியா, சமாதானமாயிட்டா" என்று சொல்லிவிட்டு, அப்பா அம்மாவிடம் மோர் கேட்டார்.